மூளை, முதுகுத்தண்டு அறுவை: எதற்குக் காத்திருக்கலாம், எதற்குக் கூடாது?

ஜனவரி 4 (கேள்வி)

என் மனைவிக்கு வயது 41. ஒரு மாதமாக இடுப்பில் தொடங்கி வலது கால் பெருவிரல் வரை சுரீரென்று வலி இறங்குகிறது. எம்ஆர்ஐ அறிக்கையில் எல்4-எல்5 (இடுப்புப் பகுதியின் நான்காம், ஐந்தாம் முதுகெலும்புகள்) இடையே ஜவ்வு (டிஸ்க்) பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று இருக்கிறது. ஒரு மருத்துவர் அறுவை செய்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் பொறுங்கள் என்கிறார். முதுகில் கத்தி பட்டால் கால் விழுந்துவிடும் என்று உறவினர்கள் ஒரே குரலில் சொல்கிறார்கள். எனக்கும் அதே எண்ணம்தான். மூளையிலும் முதுகுத்தண்டிலும் கை வைத்தவர்கள் பழையபடி நடமாடியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 4, இரவு

உங்கள் கேள்வியில் வலியைவிட பயம்தான் பெரிதாகத் தெரிகிறது. அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். நான் நரம்பியல் அறுவைப் பிரிவில் பல ஆண்டுகள் செவிலியராக இருந்தவள். அறுவைக்கு முந்தைய இரவு படுக்கையருகே நின்று பேசுவதும், மறுநாள் கைத்தாங்கலாக எழுப்பி நடக்க வைப்பதும் என் வேலை. நடந்து வீட்டுக்குப் போனவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். நன்றாக ஆனவர்கள் அதைப் பற்றி வெளியே பேசுவதில்லை. கால் போன ஒருவரின் கதை மட்டும் வருடக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும்.

தண்டுவடம் முதுகெலும்பின் அடிவரை போவதில்லை. வளர்ந்தவர்களுக்கு அது எல்1, எல்2 எலும்புகளின் மட்டத்திலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே தனித்தனி நரம்புவேர்கள் திரவத்தில் மிதந்தபடி இறங்குகின்றன. எல்4-எல்5இல் செய்யும் அறுவை தண்டுவடத்தின் பக்கமே போகாது. நரம்புவேர் காயப்படலாம், உறை கிழிந்து திரவம் கசியலாம், கிருமி தொற்றலாம். இவை உண்மையான அபாயங்கள். கையெழுத்து வாங்கும் முன் மருத்துவர் இவற்றைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இரண்டு காலும் விழுந்துபோவது இந்த இடத்து அறுவையில் மிக மிக அரிது.

நீங்கள் எழுதாத ஒன்றுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. காலில் பலம் எப்படி இருக்கிறது? குதிகாலால் மட்டும் நடக்கச் சொல்லிப் பாருங்கள். பெருவிரலை மேலே தூக்கச் சொல்லி, உங்கள் கையால் கீழே அழுத்திப் பாருங்கள். எல்4-எல்5 ஜவ்வு பெரும்பாலும் எல்5 நரம்புவேரைத்தான் நெருக்கும். பாதத்தையும் பெருவிரலையும் மேலே தூக்குவது அந்த நரம்பின் வேலை.

ஜனவரி 5, காலை

இரவு எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். இது காத்திருக்காத விஷயம்.

சிறுநீர் முட்டியும் வெளியேறவில்லை, அல்லது முட்டுவதே தெரியவில்லை, அல்லது தானாகக் கசிகிறது. மலம் கழிக்கும் இடத்தைச் சுற்றியும் தொடைகளின் உட்புறத்திலும் மரத்துப்போகிறது. வலி இரண்டு கால்களுக்கும் பரவுகிறது. பாதம் தொய்ந்து விழுகிறது. இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். தண்டுவடத்துக்குக் கீழே இறங்கும் நரம்புவேர்களின் கட்டுக்குக் குதிரைவால் நரம்புக்கற்றை என்று பெயர். பெரிய ஜவ்வுத் துண்டு அதை முழுவதும் நசுக்கும்போது இப்படி வரும். 48 மணி நேரத்துக்குள் அழுத்தத்தை எடுத்தவர்களுக்குச் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பும் வாய்ப்பு அதிகம். அதற்குள்ளும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. வெட்கத்தால் அந்தரங்கப் பகுதி மரத்துப்போனதைச் சொல்லாமல் இரண்டு நாள் கழித்து வந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து மனைவியிடம் நேராகக் கேளுங்கள்.

ஜனவரி 6

குதிகாலால் நடக்கிறார், விரல் பலமாக இருக்கிறது, சிறுநீர் இயல்பு என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. இனி அறிக்கையைப் பற்றிப் பேசலாம்.

எம்ஆர்ஐ அறிக்கையில் "தேய்மானம்", "புடைப்பு", "பிதுக்கம்" என்ற சொற்களைப் பார்த்ததும் நடுங்கிப்போகிறார்கள். முதுகுவலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்த ஆய்வுகள் பல உண்டு. அப்படிப்பட்ட 33 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2015இல் ஒரு தொகுப்பு வந்தது. வலியே இல்லாத 20 வயதினரில் 37 சதவீதத்தினருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. 80 வயதினரில் அது 96 சதவீதம். டிஸ்க் புடைப்பு 20 வயதில் 30 சதவீதம், 80 வயதில் 84 சதவீதம். வலியில்லாத நம்மை இன்று படமெடுத்தால் அதே சொற்கள் நம் அறிக்கையிலும் இருக்கும்.

அதனால் படம் மட்டும் போதாது. வலி இறங்கும் பாதை, மரத்துப்போன தோல், பலம் குறைந்த தசை, குறைந்த அனிச்சை (சிறு சுத்தியலால் தட்டினால் கால் தானாகத் துள்ளுவது) ஆகியவை எந்த நரம்பைச் சுட்டுகின்றனவோ, படத்திலும் அதே நரம்பு நசுங்கியிருக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால்தான் அறுவைக்கு அர்த்தம். வலது காலில் வலி, படத்தில் இடப்பக்கப் பிதுக்கம் என்றால் அந்தப் பிதுக்கத்தை எடுத்துப் பயனில்லை. உங்கள் மனைவிக்குப் பெருவிரல் வரை இறங்கும் வலியும் எல்4-எல்5 பிதுக்கமும் பொருந்துகின்றன. ஆக, நோய் இதுதானா என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எவ்வளவு காலம் பொறுக்கலாம் என்பதுதான் மிச்சம்.

ஜனவரி 7

பொறுக்கலாம் என்பதற்கு என் உடம்பே சாட்சி. எனக்கு இடது காலில், எல்5க்கு அடுத்துக் கீழே உள்ள எஸ்1 நரம்பில் வந்தது. நோயாளிகளைத் தூக்கிப் புரட்டிய ஆண்டுகளின் விளைவா, வயதா, தெரியாது. நின்றால் வலி, உட்கார்ந்தால் அதைவிட வலி. தும்மலுக்குப் பயந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு திரிந்தேன். கூட வேலை பார்த்த அறுவை மருத்துவரே "கால் பலம் குறையாதவரை நான் தொட மாட்டேன்" என்றார். அப்போது அவர்மீது கோபம்தான் வந்தது. வாரங்கள் ஓட ஓட வலி காலின் கீழ்ப்பகுதியை விட்டுத் தொடைக்கு ஏறியது, பிறகு இடுப்போடு நின்றது, பிறகு போய்விட்டது. குதிகாலின் வெளிப்புறத்தில் கொஞ்சம் மரத்த தோல் இன்றும் இருக்கிறது.

பிதுங்கி வெளியே வந்த துண்டை உடம்பு வேற்றுப் பொருளாகப் பார்க்கிறது. வெள்ளணு வகையைச் சேர்ந்த விழுங்கு செல்கள் அதைச் சூழ்ந்து கரைக்கின்றன. பெரிதாகப் பிதுங்கித் தனியே பிரிந்த துண்டுக்குத்தான், சிறிய புடைப்பைவிட, சுருங்கும் வாய்ப்பு அதிகம். "பெரிய பிதுக்கம்" என்ற சொல்லை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம் என்பதற்கு இது போதும்.

நெதர்லாந்து ஆய்வு ஒன்று 2007இல் வெளியானது. 6 முதல் 12 வாரம் கடுமையான கால்வலியோடு இருந்த 283 பேர் அதில் இருந்தார்கள். ஒரு பாதிக்கு உடனே அறுவை. மறுபாதிக்கு மருந்தும் பயிற்சியும் கொடுத்துவிட்டு, தேவைப்பட்டால் பிறகு அறுவை. உடனே அறுவை செய்தவர்களுக்கு வலி சீக்கிரம் போனது. ஓராண்டு முடிவில் இரு தரப்பிலும் 95 சதவீதத்தினர் குணமானதாகச் சொன்னார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதத்தினர் அந்த ஓராண்டுக்குள் அறுவைக்குப் போனார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். உங்களிடம் இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொன்னது ஏமாற்று அல்ல. இருவருக்கும் காரணம் இருக்கிறது. மாதக்கணக்கில் வலியைத் தாங்க முடியுமா, வேலைக்குப் போக வேண்டுமா, குழந்தையைத் தூக்க வேண்டுமா என்பவற்றை எடைபோட வேண்டியது உங்கள் மனைவிதான்.

ஜனவரி 7, சற்றுப் பின்

காத்திருப்பது என்றால் படுத்துக்கிடப்பது அல்ல. இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் இந்த நரம்புவலிக்கு (சயாட்டிகா) முழுப் படுக்கை ஓய்வு கொடுத்துப் பார்த்த ஆய்வு 1999இல் வந்தது. 12 வாரம் கழித்துப் பார்த்தால் படுத்தவர்களில் 87 சதவீதம், நடமாடியவர்களிலும் 87 சதவீதம் தேறியிருந்தார்கள். படுத்ததால் எந்த லாபமும் இல்லை. தசைதான் இளைக்கும். வலி அனுமதிக்கும் அளவுக்கு நடக்கட்டும்.

ஜனவரி 9

"அப்படியானால் டிஸ்க் அறுவையே வீண் வேலையா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லவே இல்லை. நான் பார்த்த அறுவைகளில் பலன் மிக வேகமாகத் தெரிவது இதில்தான்.

முதுகில் சில சென்டிமீட்டர் வெட்டு. தசையை ஒதுக்கி, எலும்பின் பின்வளைவில் ஒரு சிறு பகுதியை எடுத்து, நுண்ணோக்கி வழியாக நரம்புவேரை மெல்ல நகர்த்தி, அதன்மேல் உட்கார்ந்திருக்கும் துண்டை எடுக்கிறார்கள். டிஸ்க் முழுவதையும் எடுப்பதில்லை. மாலையிலோ மறுநாளோ நடக்க வைத்துவிடுவோம். மயக்கம் தெளிந்ததும் காலைத் தொட்டுப் பார்த்து "வலி இல்லை, சிஸ்டர்" என்று நம்ப முடியாமல் சொன்னவர்களின் முகங்கள் நினைவில் இருக்கின்றன.

ஆனால் எது போகும், எது போகாது என்பதை முன்கூட்டியே பேசிவிட வேண்டும். கால்வலி முதலில் போகும். பலம் மெதுவாகத் திரும்பும், சிலருக்கு முழுதாகத் திரும்பாது. மரத்துப்போன தோல்தான் எல்லாவற்றுக்கும் கடைசி. அடிபட்ட நரம்பு இழை நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். இடுப்பிலிருந்து பாதம் எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இடுப்பு வலி போகும் என்று எந்த மருத்துவரும் உறுதி தர முடியாது, ஏனென்றால் இந்த அறுவை காலுக்கு இறங்கும் வலிக்கானது. அறுவை முடிந்தபின் "இடுப்பு இன்னும் வலிக்கிறதே, தோல்விதானே" என்று அழுதவர்களிடம், இதை யாரும் முன்பே சொல்லவில்லையே என்று எனக்கு மனம் வெதும்பும். அதே இடத்தில் மீண்டும் பிதுங்குவதும் உண்டு. புகைப்பவர்களுக்கு டிஸ்க் சீக்கிரம் கெடுகிறது, எலும்புகளை இணைக்கும் அறுவை செய்தால் அவை இணைவதும் தாமதமாகிறது. அறுவைக்கு முன் மருத்துவர் புகையை விடச் சொன்னால் அதையும் சிகிச்சையின் ஒரு பகுதியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஜனவரி 13

இந்தக் குறிப்பு மேலே "பொறுங்கள்" என்று நான் எழுதியதற்கு எதிர்த்திசையில் போகும். இந்தக் கேள்வி பதில் இழையில் ஒருவர் தன் அம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறார். சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, கையெழுத்து கோணலாகிவிட்டது, நடக்கும்போது தடுமாறுகிறார், கழுத்தில் வலியே இல்லை. மணிக்கட்டு நரம்பு அழுத்தம் என்று சொல்லிக் கைக்குப் பட்டி போட்டிருக்கிறார்களாம். 7ஆம் தேதிக் குறிப்பைப் படித்துவிட்டு "நாங்களும் காத்திருக்கிறோம்" என்கிறார்.

காத்திருக்காதீர்கள். அங்கே நான் எழுதியது இடுப்புக்குக் கீழே ஒற்றை நரம்புவேர் நெருக்கப்படுவதைப் பற்றி. உங்கள் அம்மாவுக்குச் சொல்லும் அறிகுறிகள் கழுத்தில் தண்டுவடமே நசுங்குவதற்கானவை. நரம்புவேர் நெருக்கடியிலிருந்து மீளும். தண்டுவடம் அப்படி மீளாது. வளர்ந்தவர்களிடம் தண்டுவடம் கெடுவதற்கு உலகம் முழுவதும் மிகப் பொதுவான காரணம் கழுத்து எலும்பிலும் டிஸ்க்கிலும் வரும் தேய்மானம்தான். வலி இல்லாததால்தான் கண்டுபிடிக்கத் தாமதமாகிறது. கைவிரல்களின் நுட்பம் முதலில் போகும். பிறகு கால்கள் விறைக்கும். இருட்டில் நடக்கவோ கண்ணை மூடி முகம் கழுவவோ முடியாமல் தள்ளாடும். சிலருக்குக் கழுத்தைக் குனிந்தால் முதுகு வழியாக அதிர்வு ஓடும். பரிசோதனையில் அனிச்சைகள் குறைந்திருக்காது, மிகையாக இருக்கும்.

இதில் அறுவையின் முதல் நோக்கம் இருப்பதைக் காப்பது. இழந்ததில் ஒரு பகுதி திரும்பலாம், ஆனால் எவ்வளவு தாமதமோ அவ்வளவு குறைவாகத்தான் திரும்பும். கழுத்தின் முன்பக்கமாகப் போய் டிஸ்க்கை எடுத்து இரு எலும்புகளை இணைக்கும் முறை 1950களிலேயே வந்துவிட்டது. பல மட்டங்களில் அழுத்தம் இருந்தால் பின்பக்கமாகப் போய் எலும்பு வளைவைத் திறந்து விரிவாக்குவார்கள். முன்பக்க அறுவைக்குப் பிறகு சில நாள் விழுங்கச் சிரமமும் குரல் கரகரப்பும் இருக்கும். பெரும்பாலும் சரியாகிவிடும்.

இன்னொன்று. அந்த அம்மாவின் கழுத்தை யாரும் பிடித்துத் திருப்பவோ சொடுக்கவோ கூடாது. மருத்துவர் பார்த்து முடிவு சொல்லும்வரை மசாஜ்கூட வேண்டாம்.

ஜனவரி 14

நடந்தால் இரண்டு காலும் கனத்து வலிக்கிறது, உட்கார்ந்தால் விட்டுவிடுகிறது என்று எழுதியவருக்கு: தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்தபடி நடந்தால் நெடுந்தூரம் போக முடிகிறதா? முடிகிறது என்றால் இடுப்பில் நரம்புக் குழாய் (முதுகெலும்புக்குள் நரம்புகள் இறங்கும் பாதை) சுருங்கியிருக்க வாய்ப்பு அதிகம். குனியும்போது குழாய் கொஞ்சம் விரிகிறது. ரத்த ஓட்டக் குறைவால் வரும் வலி நின்றாலே விட்டுவிடும், அதற்குக் குனியத் தேவையில்லை.

ஸ்க்ரூவும் ராடும் போட்டு எலும்புகளை இணைக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். 2016இல் ஒரே இதழில் வெளியான இரண்டு ஆய்வுகள் இதில் வேறு வேறு பக்கம் சாய்ந்தன. ஸ்வீடன் ஆய்வில், குழாயை விரிவாக்குவதோடு இணைப்பும் செய்தவர்கள் விரிவாக்கம் மட்டும் செய்தவர்களைவிட மேலாக இல்லை. அமெரிக்க ஆய்வில், எலும்பு முன்னுக்கு நழுவியவர்களுக்கு இணைப்பு சற்றே கூடுதல் பலன் தந்தது. எனவே "ஏன் இணைக்க வேண்டும்? எலும்பு அசைகிறது என்று எந்தப் படத்தில் தெரிகிறது?" என்று கேளுங்கள். குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்த எக்ஸ்ரே இருக்கிறதா என்றும் கேளுங்கள். நியாயமான கேள்விகள் இவை. நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார்.

ஜனவரி 18

மூளைப் பக்கம் போவோம். முதல் கேள்வியில் இருந்த மூளை அறுவை பற்றிய பயத்தை இன்னும் யாரும் தொடவில்லை.

என் மாமனார் குளியலறையில் வழுக்கிச் சுவரில் தலை இடித்துக்கொண்டார். வீக்கம்கூட இல்லை. வாரங்கள் கழித்து ஆள் மாறத் தொடங்கினார். காலை மாலை தெரியவில்லை. இடது காலை இழுத்து நடந்தார். நாள் முழுக்கத் தூங்கினார். "வயதாகிவிட்டது, மறதி நோய்" என்று வீட்டில் எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். எனக்கு அந்த இழுத்த கால் உறுத்தியது. சிடி ஸ்கேனில் மூளைக்கும் மண்டையோட்டுக்கும் இடையே பழைய ரத்தம் பிறைவடிவில் தேங்கி, மூளையை ஒரு பக்கமாகத் தள்ளியிருந்தது.

வயதாக ஆக மூளை கொஞ்சம் சுருங்குகிறது. மூளையிலிருந்து வெளியுறைக்குப் போகும் மெல்லிய சிரைகள் அதனால் இழுபட்டு நிற்கின்றன. சின்ன அதிர்வே அவற்றில் ஒன்றை அறுக்கப் போதும். கசிவு மெதுவானது. மூளை சுருங்கியதால் உள்ளே இடம் இருக்கிறது, ஆகவே அறிகுறி வர வாரங்கள் ஆகும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அபாயம் கூடுதல்.

மண்டையோட்டில் இரண்டு துளைகள் போட்டு, கழுவி, ஒரு வடிகுழாய் வைத்தார்கள். பர் ஹோல் என்பார்கள். அந்தக் குழாயை வைப்பதா வேண்டாமா என்று நெடுநாள் வாதம் இருந்தது. 2009இல் வந்த பிரிட்டன் ஆய்வு அதை முடித்துவைத்தது. குழாய் வைத்தவர்களில் 9.3 சதவீதத்தினருக்குத்தான் ரத்தம் மறுபடி தேங்கி மீண்டும் அறுவை தேவைப்பட்டது. வைக்காதவர்களில் 24 சதவீதம். மாமனார் விழித்ததும் என்னைப் பார்த்துக் கண்ணாடி எங்கே என்றார். அவர் கேட்டதும் நான் வார்டிலேயே அழுதுவிட்டேன், அத்தனை ஆண்டு பழக்கம் இருந்தும்.

ஜனவரி 19

மாமனார் கதையைப் படித்த ஒருவர் தன் தாத்தாவுக்கு ஸ்கேனில் ரத்தம் இல்லை, ஆனால் நடை, சிறுநீர், நினைவு மூன்றும் கெட்டிருப்பதாக எழுதியிருக்கிறார். பாதம் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் சின்னச் சின்ன அடி வைக்கிறாரா? மூளைத் தண்டுவடத் திரவம் தேங்குவதாக இருக்கலாம். இந்தத் திரவம் எந்த நேரமும் சுமார் 150 மில்லிதான் உள்ளே இருக்கும். ஆனால் நாளொன்றுக்கு அரை லிட்டர் சுரக்கிறது, அதே அளவு உறிஞ்சவும்படுகிறது. முதியவர்களுக்கு இந்தச் சமநிலை கெட்டு, அழுத்தம் பெரிதாக ஏறாமலே மூளையின் அறைகள் விரியும் நோயை 1965இல் விவரித்தார்கள். முதுகில் ஊசி போட்டு 30 முதல் 50 மில்லி வரை எடுத்துவிட்டு நடையைப் பார்ப்பார்கள். நடை தேறினால், அறையிலிருந்து வயிற்றுக்குத் திரவத்தை வடிக்கும் ஷண்ட் குழாய் பலன் தரும் என்று நம்பலாம். முதலில் தேறுவது நடை, நினைவு அவ்வளவாகத் தேறாது. எல்லா மறதியும் இதுவல்ல. ஆனால் மறதி என்று ஒதுக்கிவைக்கும் முன் ஒரு ஸ்கேன் எடுப்பது அந்த மனிதருக்கு நாம் செய்ய வேண்டிய கடமை.

ஜனவரி 21

தலைவலி பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். பெரும்பாலான தலைவலிக்கு மூளைக்குள் எதுவும் இல்லை. பயப்பட வேண்டியது ஒரு வகை: வினாடிகளில் உச்சம் தொட்டு, "வாழ்நாளில் இப்படி வந்ததில்லை" என்று சொல்ல வைப்பது. கழுத்து விறைப்பு, வாந்தி, மயக்கம் கூட வரலாம். ரத்தக்குழாயில் பலூன்போல் உப்பிய இடம் வெடித்திருக்கலாம். முதல் நாளில்தான் மறுபடி வெடிக்கும் அபாயம் மிக அதிகம். மாத்திரை போட்டுத் தூங்கிப் பார்க்கலாம் என்ற எண்ணமே கூடாது.

மண்டையைத் திறந்து உப்பலின் கழுத்தில் கிளிப் போடுவதை வால்டர் டேண்டி 1937இல் செய்தார். பிறகு தொடையின் ரத்தக்குழாய் வழியே போய் உள்ளே பிளாட்டினக் கம்பிச்சுருளை அடைக்கும் முறை வந்தது. இரண்டையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வு 2002இல் வெளியானது, 2143 பேர். ஓராண்டில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்தே வாழ வேண்டியவர்களும் சேர்த்து, சுருள் வைத்தவர்களில் 23.7 சதவீதம், கிளிப் போட்டவர்களில் 30.6 சதவீதம். ஆனாலும் உப்பலின் வடிவமும் இடமும் பார்த்துத்தான் முடிவு. சிலவற்றுக்கு இன்றும் கிளிப்தான் நல்லது. அடைத்தபின் முடிந்தது என்று நினைக்கும்போதுதான் இரண்டாவது ஆபத்து வரும். நான்காம் நாளிலிருந்து இரண்டு வாரம் வரை மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கலாம். 21 நாள் நிமோடிபின் மாத்திரை கொடுப்பது அதன் விளைவுகளைக் குறைக்கத்தான். நள்ளிரவிலும் எழுப்பி மாத்திரை கொடுக்கும் செவிலியர்மீது எரிந்து விழாதீர்கள்.

வெடிக்காத உப்பல் தற்செயலாக ஸ்கேனில் தெரிந்தால் அது வேறு கதை. வளர்ந்தவர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு இருக்கிறது, பெரும்பாலானவை வெடிப்பதே இல்லை. அளவு, இடம், புகை, ரத்த அழுத்தம், குடும்ப வரலாறு பார்த்து, கண்காணிப்பதே பலருக்குப் போதும்.

ஜனவரி 24

"மூளையில் கட்டி" என்ற சொல்லைக் கேட்டதும் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். மண்டைக்குள் தோன்றும் கட்டிகளில் மிக அதிகம் காணப்படுவது மெனிஞ்சியோமா. அது மூளையில் முளைப்பதில்லை. மூளையை மூடிய உறையிலிருந்து வந்து மூளையை வெளியிலிருந்து அழுத்துகிறது. பெரும்பாலும் புற்றுநோய் வகை அல்ல. சிறியதாக, தொந்தரவில்லாமல் இருந்தால் குறிப்பிட்ட இடைவெளியில் படமெடுத்துப் பார்த்துக்கொண்டே வாழலாம். தங்கைக்கு இது என்று எழுதியவர், "பார்த்துக்கொள்ளலாம்" என்று மருத்துவர் சொன்னதைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மூளைத் திசுவிலேயே முளைக்கும் கொடிய புற்றுக்கட்டியான க்ளையோபிளாஸ்டோமா அப்படி அல்ல. மெல்லப் பேச முடியாது இதை. கட்டியை இயன்றவரை எடுத்து, கதிர்வீச்சோடு டெமோசோலோமைடு என்ற புற்றுநோய் மாத்திரையும் சேர்த்ததால், நோயாளிகளில் பாதிப்பேர் உயிரோடிருந்த காலம் 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமானது என்று 2005 ஆய்வு காட்டியது. இரண்டாண்டு தாண்டியவர்கள் 10.4 சதவீதத்திலிருந்து 26.5 ஆனார்கள். இரண்டாவது எண்ணைத்தான் நான் குடும்பங்களிடம் அதிகம் சொல்வேன். நாலில் ஒருவர் என்பது சிறியதல்ல.

பேச்சுப் பகுதிக்கு அருகே கட்டி இருந்தால் நோயாளியை விழிக்க வைத்தே அறுவை செய்வதும் உண்டு. மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. தோலுக்கும் உறைக்கும்தான் மரத்துப்போக ஊசி. படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்வோம். மருத்துவர் மின்தூண்டலால் ஓரிடத்தைத் தொடும்போது சொல் தடுமாறினால் அந்த இடத்தை விட்டு விலகுவார். அந்த மேசைப் பக்கம் நின்று கையைப் பிடித்துக்கொண்டு, "பூனை, சாவி, குடை" என்று அவர்கள் சொல்லக் கேட்பதுதான் என் பணிக்காலத்தில் நான் மிகவும் நேசித்த வேலை.

ஜனவரி 27

இதை எழுத இரண்டு நாள் தயங்கினேன். விபத்தில் அண்ணனின் மூளை வீங்கியிருக்கிறது, மண்டையோட்டின் ஒரு பகுதியை எடுக்க அனுமதி கேட்கிறார்கள், என்ன செய்வது என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

மண்டையோடு விரியாது. உள்ளே மூளை, ரத்தம், திரவம் மூன்றுக்கும் அளவான இடம்தான். மூளை வீங்கினால் அழுத்தம் ஏறி ரத்தமே உள்ளே போக முடியாமல் ஆகும். எலும்பை எடுத்து இடம் கொடுப்பது உயிரைக் காக்கும். ஆனால் எந்த நிலையில் காக்கும் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். மருந்துக்கு அடங்காத அழுத்தம் உள்ளவர்களிடம் நடந்த ஆய்வு 2016இல் வந்தது. ஆறு மாதத்தில் இறந்தவர்கள், எலும்பை எடுத்தவர்களில் 26.9 சதவீதம், மருந்து மட்டும் கொடுத்தவர்களில் 48.9. அதே சமயம் உணர்வற்ற நிலையில் கண் மட்டும் திறந்திருந்தவர்கள் முதல் தரப்பில் 8.5, இரண்டாவதில் 2.1. உயிர் பிழைத்தவர்கள் கூடினார்கள், பிறர் துணையின்றி வாழ முடியாதவர்களும் கூடினார்கள்.

எது சரி என்று என்னால் சொல்ல முடியாது, உங்கள் அண்ணனை எனக்குத் தெரியாது. எந்த நிலையை அவர் வாழ்க்கை என்று ஏற்றுக்கொள்வார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். வயது, கண்பாவையின் அசைவு, ஸ்கேனில் மூளைத்தண்டின் நிலை ஆகிய மூன்றையும் மருத்துவரிடம் கேளுங்கள். அனுமதித்தாலும் மறுத்தாலும் நீங்கள் அன்பால்தான் செய்கிறீர்கள். இரு முடிவையும் எடுத்த குடும்பங்களோடு நின்றிருக்கிறேன். எந்தக் குடும்பத்தையும் குறை சொல்ல எனக்கு மனம் வந்ததில்லை.

ஜனவரி 28

அனுமதித்துவிட்டதாக எழுதியிருக்கிறார். எலும்பு இல்லாத பக்கம் சாய்த்துப் படுக்க வைக்கக் கூடாது. படுக்கைக்கு மேலே பெரிய எழுத்தில் எந்தப் பக்கம் என்று எழுதி ஒட்டச் சொல்லுங்கள். வீக்கம் வடிந்தபின், வாரங்களோ மாதங்களோ கழித்து, எலும்பையோ செயற்கைத் தகட்டையோ திரும்ப வைப்பார்கள்.

பிப்ரவரி 2

வீட்டுக்கு வந்த பிறகு என்ன என்று பலரும் தனித்தனியாகக் கேட்பதால் ஒன்றாக எழுதிவிடுகிறேன்.

மூளை அறுவைக்குப் பின் களைப்பு மாதக்கணக்கில் இருக்கும். வெளிக்காயம் ஆறிவிடுவதால் வீட்டார் "நன்றாகத்தானே இருக்கிறாய்" என்பார்கள். அது நோயாளியை நொறுக்கும் வார்த்தை. பேச்சு சலிப்பது, சத்தம் தாங்காமல் போவது, சட்டென்று அழுவது எல்லாம் மூளை ஆறும் வழியில் வருபவை. வலிப்பு மாத்திரையை ஒரு வேளைகூடத் தானாக நிறுத்தக் கூடாது. வாகனம் ஓட்டுவதை மருத்துவர் அனுமதித்த பிறகுதான்.

முதுகு அறுவைக்குப் பின் முதல் வாரங்களில் குனிந்து தூக்குவதும் நெடுநேரம் உட்காருவதும் வேண்டாம். நடை வேண்டும், தினமும் கொஞ்சம் கூட்டிக்கொண்டே. காயத்திலிருந்து தெளிந்த நீர் கசிந்து, எழுந்து நின்றால் தலைவலி வந்து படுத்தால் விட்டால் அது உறை கசிவாக இருக்கலாம். காய்ச்சலோடு முதுகுவலி ஏறினால் கிருமித் தொற்றாக இருக்கலாம். ஒரு பக்கக் கெண்டைக்கால் வீங்கி வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம், மூச்சுத் திணறலும் சேர்ந்தால் உடனே ஆம்புலன்ஸ். இந்த மூன்றுக்கும் அடுத்த சந்திப்புத் தேதி வரை இருக்காமல், அறுவை செய்த பிரிவுக்கு அன்றே தொலைபேசியில் சொல்லுங்கள். மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போதே இரவு நேரத்துக்கு யாரை அழைப்பது என்று எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.